வெள்ளி அசல்தான், காசு அசலா?

ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீளமான கடிதமும் ஆறு படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

போன கோடையில் குடும்பத்தோடு துருக்கி போயிருக்கிறார். எபேசஸ் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து, துணியில் சுற்றிவைத்திருந்த வெள்ளிக்காசு ஒன்றைக் காட்டினாராம். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட பெண் முகம், மறுபக்கம் ஆந்தை. தாத்தா வயல் உழும்போது கிடைத்தது, 400 யூரோ என்று ஆரம்பித்துக் கடைசியில் 150க்குக் கொடுத்திருக்கிறார். டிசம்பரில் திருச்சிக்குப் போனபோது தெரிந்த நகைக்கடையில் கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளி 92.6, செம்பு 7.3 என்று வந்தது, “நல்ல வெள்ளி சார், ஒரிஜினல்தான்” என்று சொல்லிவிட்டார்கள். எடை 15.84 கிராம், குறுக்களவு 24 மில்லிமீட்டர். அப்புறம் இணையத்தில் தேடும்போது அச்சு அசலாக இதே காசு ஒரு பழைய ஏலப் பட்டியலில் கண்ணில் பட்டிருக்கிறது. விளிம்பில் அதே வெடிப்பு, ஆந்தையின் தலைக்கு மேல் அதே வெட்டு. அங்கே போட்டிருந்த எடை 17.14 கிராம், அளவு 24.6. “ஏலத்திலேயே போயிருக்கிறது என்றால் அசல்தானே” என்கிறார். மனைவிக்கு நம்பிக்கை இல்லை. மச்சான் ஒரு லட்சம் தருகிறேன், எனக்குக் கொடுங்கள் என்கிறார். அம்மா, கறுத்துப் போயிருக்கிறதே என்று விபூதி போட்டுத் தேய்க்கப் போனாராம், நல்ல வேளை, தடுத்துவிட்டார். காசு அசலா, எப்படி உறுதி செய்வது, விற்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நண்பரே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். படங்களைப் பார்த்தவரை இது வார்ப்பு, அதாவது ஓர் அசல் காசிலிருந்து அச்செடுத்து, வெள்ளியை உருக்கி ஊற்றிச் செய்த நகல். கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவாகச் சொல்வதில்லை என்பது பழங்காசு பரிசோதிக்கும் எங்கள் தொழிலில் உள்ள வழக்கம், அதற்கு நானும் கட்டுப்பட்டவன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் எந்தப் பக்கம் கட்டுவேன் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இது நகல் என்று பட்டதும் எனக்கு நிம்மதிதான் வந்தது. ஏன் என்பதைச் சட்டம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

உங்கள் கையில் இருப்பது எதன் நகல் என்று முதலில் பார்த்துவிடலாம். ஏதென்ஸ் நகரம் கி.மு. 454க்கும் 404க்கும் இடையில் ஏராளமாக அடித்துத் தள்ளிய நாலு திரக்மா காசு அது, திரக்மா என்பது அந்தக் காலக் கிரேக்கப் பண அளவு. முன்பக்கம் ஊர்த் தெய்வம் ஏதெனா, கவசத்தில் மூன்று ஒலிவ இலைகள். பின்பக்கம் அவளுடைய ஆந்தை, முதுகுக்குப் பின்னால் ஒலிவத் தளிரும் ஒரு சின்னப் பிறையும், முன்னால் ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்று ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். வெள்ளி பெரும்பாலும் பக்கத்து லாரியன் சுரங்கத்திலிருந்து வந்தது. எகிப்து, சிரியா வரைக்கும் இந்தக் காசு செல்லுபடியானது, ஆகவே இன்றைய துருக்கி மண்ணில் கிடைத்தது என்று யாராவது சொன்னால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அந்த ஆள் சொன்ன கதையில் நம்பக்கூடிய பகுதி அது ஒன்றுதான். தாத்தாவும் வயலும் கலப்பையும் இல்லாத காசு விற்பனையை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெள்ளி சாட்சி சொல்லுமா?

நகைக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். அவரிடம் கேட்டது இது வெள்ளியா என்று. வெள்ளிதான். ஆனால் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வெள்ளியா என்பது வேறு கேள்வி, அதற்கும் அதே மெஷின் ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது, நீங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

92.6 வெள்ளி, 7.3 செம்பு என்பது இன்று கடையில் கிடைக்கும் 925 வெள்ளி. கொலுசும் மோதிரமும் செய்கிற அதே கலவை. ஏதென்ஸ் ஆந்தைகளில் வெள்ளி பெரும்பாலும் 95க்கு மேல்தான் இருக்கும், அந்த ஊரின் பேரே அதில்தான் இருந்தது. கூடவே அந்தக் காலத்தில் ஈயத் தாதுவிலிருந்து வெள்ளியைப் புடம் போட்டுப் பிரித்ததால் கொஞ்சம் ஈயம், துளித் தங்கம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷின் தந்த உங்கள் சீட்டில் ஈயமும் இல்லை, தங்கமும் இல்லை. மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும், அழுக்கும் துருவும் கணக்கைக் கொஞ்சம் மாற்றும் என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும் நகைக்கடைக் கலவை அப்படியே வந்து நிற்பது தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் உங்களுக்குச் சாதகம் என்று அனுப்பிய சீட்டு உங்களுக்கு எதிராகப் பேசுகிறது.

எடையும் அப்படித்தான். நாலு திரக்மாவுக்கு ஏதென்ஸ் வைத்திருந்த கணக்கு சுமார் 17.2 கிராம். நல்ல நிலையில் உள்ள காசுகள் 17க்கு மேல் நிற்கும். தேய்ந்ததும் மண்ணில் அரித்துப்போனதும் குறையும், அதில் தப்பில்லை. உங்கள் காசில் ஆந்தையின் மார்பில் இறகுப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருக்கிறது. தேயாத காசு ஒன்றேகால் கிராமை எங்கே தொலைத்தது?

இரட்டைப் பிள்ளைகள்

இங்கேதான் நீங்கள் பெரிதாகத் தடுமாறிவிட்டீர்கள், பழகியவர்களும் தடுமாறுகிற இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் காசு அடித்த விதம் இது. வெள்ளி வில்லை ஒன்றைப் பட்டறைக்கல்லில் பதித்த கீழ் அச்சின்மேல் வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்து, சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி. ஓர் அச்சில் ஆயிரக்கணக்கான காசு அடிக்கலாம், ஆகவே ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகள் இருப்பது சகஜம், நல்ல அறிகுறியும்கூட. ஆனால் ஒவ்வொரு தடவையும் வில்லை வேறு, அது உட்கார்ந்த இடம் வேறு, அடி விழுந்த கோணம் வேறு. ஒன்றில் கவசத்தின் உச்சி வெளியே போயிருக்கும், இன்னொன்றில் மூக்கு நுனி வெட்டுப்பட்டிருக்கும். குளிர்ந்த விளிம்பு எங்கே வெடிக்கும் என்பதைச் சம்மட்டி பிடித்தவனே சொல்ல முடியாது. வெட்டு விழுவதோ அதற்கப்புறம், வேறொரு நாள், வேறொருவன் கையால். ஆக, படம் ஒன்றாக இருக்கலாம், வெடிப்பும் வெட்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றதிலிருந்து அச்செடுத்தது, இல்லையென்றால் இரண்டுமே மூன்றாவது ஒன்றிலிருந்து அச்செடுத்தவை.

இப்போது நீங்களே எழுதிய எண்களைப் பாருங்கள். ஏலக் காசு 24.6 மில்லிமீட்டர், 17.14 கிராம். உங்களுடையது 24, 15.84. உருக்கி ஊற்றிய வெள்ளி ஆறும்போது சுருங்கும். குறுக்களவில் நூற்றுக்கு இரண்டரை குறைந்தால் கன அளவில் ஏழுக்கு மேல் குறையும். 17.14இல் அந்த ஏழு சொச்சத்தைக் கழித்துப் பாருங்கள், உங்கள் தராசு காட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

நானும் ஒருமுறை இப்படி ஏமாந்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் அலெக்சாந்தர் பெயர் பொறித்த நாலு திரக்மா ஒன்று கைக்கு வந்தது. எடை சரி, கறுப்பு சரி, முன்பக்கத்தில் ஹெராக்ளிஸ் போர்த்திய சிங்கத் தோல் அருமை. அசல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் என் மூத்தவர் ஒன்றும் பேசாமல் தன் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் பின்பக்கத்துச் சீயஸின் முழங்காலில் ஒரே இடத்தில் ஒரே கீறல். அன்றிலிருந்து காசைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் இரட்டையைத் தேடுகிறேன்.

அந்த வெட்டும் விளிம்பும்

வெட்டு இருப்பதால் பழசு என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டு பற்றிய உங்கள் புரிதல் சரி. செம்புக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசுகள் அந்தக் காலத்திலேயே உண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உளியால் ஒரு போடு போடுவார்கள். கி.மு. 375இல் நிக்கோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம் ஒன்று கல்லில் பொறித்துக் கிடைத்திருக்கிறது. சந்தையில் காசு பரிசோதகர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவர் ஓர் அரசாங்க அடிமை. உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்கே வெட்டிவிட வேண்டும், நல்லதென்று அவர் சொன்ன காசை வாங்க மறுத்த வியாபாரியின் அன்றைய சரக்கு பறிமுதல். ஆக, என் தொழிலுக்கு இரண்டாயிரத்து நானூறு வருஷப் பாரம்பரியம் உண்டு, தொடங்கி வைத்தவர் ஓர் அடிமை.

சரி, உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்குங்கள். உளி இறங்கிய வெட்டு அடியில் கூராக இருக்கும், இரண்டு பக்கமும் வெள்ளி பிதுங்கி வரப்பு போல் எழும்பி நிற்கும். உங்கள் காசில் வெட்டின் அடி உருண்டையாக, விரலால் வெண்ணெயில் கோடு இழுத்தது போல் இருக்கிறது, வரப்பு வழவழ என்று கரைந்திருக்கிறது. அந்த வெட்டு காசில் விழுந்தது அல்ல, காசோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. எப்சிலான் எழுத்தின் கம்பிகளுக்கு நடுவில் இரண்டு மூன்று குமிழ்ப் பள்ளங்கள் தெரிகின்றன, அவை காற்று அடைபட்ட இடங்கள். விளிம்பு வெடிப்பைப் பாருங்கள். அசலில் அது காசின் முழுத் தடிமனையும் கிழித்துக்கொண்டு போகும். உங்களுடையதில் முகப்பில் தெரிகிற வெடிப்பு ஓரத்துக்கு வந்ததும் காணாமல் போகிறது, அந்த இடத்தில் அரம் போட்ட சாய்கோடுகள். வார்ப்பின் இணைப்புத் தழும்பை ராவி எடுத்திருக்கிறார்கள்.

“ஏதெனாவின் கண் பக்கவாட்டு முகத்திலும் முழுக் கண்ணாக இருக்கிறது, அந்தக் காலத்துப் பாணி” என்று கவனித்து எழுதியிருந்தீர்கள், சந்தோஷம், நிறையப் பேருக்கு அது கண்ணில் படாது. ஆனால் அசலிலிருந்து அச்செடுத்த நகலில் பாணி சரியாகத்தானே இருக்கும்? பாணி பார்த்துப் பிடிபடுவது, புதிதாக அச்சு வெட்டி அடிக்கிற கள்ளன்தான். அந்த வகையில் பெரிய கை கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், 1772 முதல் 1830 வரை வாழ்ந்தவர், உங்கள் பக்கத்து ஊர் ஆஃபன்பாக்கில் இருந்தவர். முந்நூறுக்கு மேல் அச்சுகளைத் தன் கையால் வெட்டினார். புதுக் காசுக்குப் பழமை வர, இரும்புத் தூள் நிரப்பிய பெட்டியில் போட்டுக் குதிரை வண்டியில் கட்டி ஊர் சுற்றுவாராம். உங்கள் காசின் கறுப்புக்கு அவ்வளவு மெனக்கெடவே வேண்டாம், அவித்த முட்டையோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தாலே வெள்ளி கறுத்துவிடும்.

வீட்டிலேயே பார்ப்பதென்றால்

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செம்பும் ஈயமும் கூடத்தான் ஒட்டாது, அதை விடுங்கள். உரைகல்லில் உரைக்காதீர்கள். கீழே போட்டு ஓசை கேட்காதீர்கள், அசல் பழங்காசுக்குள் வெள்ளி மணி மணியாகப் பிரிந்து நொறுங்கும் நிலையில் இருக்கலாம், பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செய்யக்கூடியது தண்ணீர்ச் சோதனை. இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49, நல்ல ஆந்தைக்கு அதற்குக் கொஞ்சம் கீழே. செம்பு உள்ளே இருந்தால் 9 சொச்சத்துக்கு இறங்கிவிடும். உங்கள் காசுக்குத் தராசு 1.53 காட்டினால் 10.35 வரும், அது 925 வெள்ளியின் கணக்கு. இந்தச் சோதனை பொய்க் காசைத் தள்ளத்தான் உதவும், மெய்க் காசு என்று சான்று தராது. நல்ல வெள்ளியில் வார்த்த நகலும் இதில் தேறிவிடும், கள்ளக் காசு செய்பவர்களுக்கும் தராசு வாங்கத் தெரியும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே பழங்காசு வியாபாரிகளும் ஏல நிறுவனங்களும் உண்டு. சர்வதேச வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினராக உள்ள ஒருவரிடம் ஏலப் பட்டியல் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிஷ வேலை. எங்கே வாங்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சட்டம், அதாவது என் நிம்மதி

துருக்கியில் 1983இன் 2863ஆம் எண் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் அரசாங்கச் சொத்து. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது கடத்தல், சிறைத்தண்டனை உண்டு. “ஒரே ஒரு காசுதானே” என்று எழுதியிருக்கிறீர்கள், காசின் எண்ணிக்கையைச் சட்டம் கேட்பதில்லை. அங்கே விமான நிலையத்தில் உங்கள் பையில் கை வைத்திருந்தால், இது நகல் என்று நிபுணர் சொல்லும் வரை குழந்தைகளோடு நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் வருஷ விதி, பிறந்த நாட்டிலிருந்து சட்டவிரோதமாக வெளியே வந்த பழம்பொருளை உள்ளே விடக்கூடாது என்கிறது. இன்னொன்று, உங்களுக்குத் தோன்றியே இருக்காது. இந்தியாவின் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தில் நூறு வருஷம் கடந்த எந்தக் காசும் தொல்பொருள்தான், இந்தியக் காசு என்று குறிப்பிடவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவந்தீர்களே, அசலாக இருந்திருந்தால் அங்கேயும் ஒரு கேள்வி எழுந்திருக்கும்.

பெரிய மனிதர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1984இல் துருக்கியின் எல்மலி அருகே ஆயிரத்துத் தொள்ளாயிரம் அளவுக்கு வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன, ஏதென்ஸின் அபூர்வமான பத்துத் திரக்மா காசுகள் உட்பட. கடத்தப்பட்டு அமெரிக்கப் பணக்காரர்கள் கைக்குப் போய், வழக்கு நடந்து, 1999இல் துருக்கிக்கே திரும்பின. அத்தனையும் அசல், அதுதான் பிரச்சினை. உங்களுக்கு நஷ்டம் 150 யூரோவோடு நின்றது.

மச்சான் விஷயம். நகல் என்று தெரிந்த பிறகு, அல்லது பலமான சந்தேகம் வந்த பிறகு, அசல் விலைக்குக் கொடுத்தால் அது ஏமாற்று, ஜெர்மனியிலும் இந்தியாவிலும் குற்றம். அவர் சொந்தக்காரர், கேஸ் போட மாட்டார் என்பீர்கள். அவர் வேறொருவருக்கு விற்பார், அந்த ஆள் போடுவார். அதிலும் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிரேக்க நகரங்களின் காசுகள் கிடைத்திருப்பது உண்மை என்பதால், இரண்டு கை மாறுவதற்குள் இது “கரூரில் எடுத்த யவனர் காசு” ஆகிவிடும். ஒரு பொய்க் காசு இப்படித்தான் ஒரு ஊரின் வரலாற்றையும் கெடுக்கும். ஆசைப்படுகிறார் என்றால் நகல் என்று எழுதிய காகிதத்தோடு சும்மா கொடுங்கள்.

உங்களுக்கு இன்னும் ஆசை விடவில்லை என்றால், அதே 150 யூரோவுக்கு, அலெக்சாந்தர் பெயரில் அடித்த நாலு கிராம் திரக்மா ஒன்று கொஞ்சம் தேய்ந்த நிலையில் ஒழுங்கான கடையில் கிடைக்கும். ரசீது தருவார்கள், முன்பு யாரிடம் இருந்தது என்ற விவரம் தருவார்கள், அசல் இல்லையென்றால் எந்த வருஷமானாலும் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுதித் தருவார்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

வியாபாரி பார்த்து முடித்து, நகல்தான் என்று அவரும் சொல்லிவிட்டால், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் கொடுங்கள். விபூதி போட்டு நன்றாகவே தேய்க்கட்டும்.